ஒரு கோல் வெற்றிக்குப் பிறகு

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னையில் கால்பந்து பார்க்கிறவர்களின் பேச்சுகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது, நம் அணியான சென்னையின் எஃப்.சி. ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் வென்ற இரவில் அவர்கள் பேசிக்கொள்ளும் பேச்சுதான். பெரியமேட்டில் ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கின் வாயில்களிலிருந்து நீலச் சட்டைகளோடு வெளியே வரும் கூட்டம் சென்ட்ரல் மெட்ரோவை நோக்கியும் பூங்கா ரயில் நிலையத்தை நோக்கியும் நடக்கும்போது, இவர்கள் எல்லாரும் ஒரே ஆட்டத்தைத்தான் பார்த்தார்களா என்று கேட்கத் தோன்றும் அளவுக்கு மாறுபட்ட கருத்துகள் காதில் விழும். “மூணு பாயிண்ட் வந்திருச்சுல்ல, அப்புறம் என்ன?” என்பார் ஒருவர். “கடைசி இருபது நிமிஷம் பாத்தியா மச்சான்? அவன் மட்டும் ஒழுங்கா அடிச்சிருந்தா நம்ம கதை முடிஞ்சிருக்கும்” என்பார் அவர் தோளில் கை போட்டபடி நடக்கும் நண்பர். உடனே மூன்றாவதாக ஒருவர், “ஜெயிச்ச அன்னிக்குக்கூடக் குறை சொல்லணுமா?” என்று அடக்கப் பார்ப்பார்.

அந்த இரண்டாமவருக்காகப் பேசவே நான் இன்று வந்திருக்கிறேன். வென்ற இரவில் குறை சொல்பவரை அணியின்மேல் பற்று இல்லாதவர் என்று நினைப்பது பெரும் தவறு. தோற்ற இரவில் ரசிகர் பேசுவது பெரும்பாலும் கோபம். பயிற்சியாளரை மாற்று, அவனை உட்கார வை, இவனை விற்றுவிடு என்ற பேச்சில் ஆட்டம் எப்படி நடந்தது என்பதே மறைந்துபோகும். நான்கு கோல் போட்டு வென்ற இரவிலோ எவருக்கும் எதையும் ஆராய மனம் வராது. ஒற்றை கோலில் வென்ற இரவில்தான் மனம் மகிழ்ச்சியாகவும் இருக்கிறது, உள்ளே ஒரு கலக்கமும் இருக்கிறது. கோபமில்லாமல் குறையைப் பார்க்கக் கிடைக்கும் அந்தச் சில மணி நேரம் ரசிகருக்கும் அணிக்கும் அரியது.

நம் அணியின் வரலாறே இதற்குச் சான்று. 2014இல் தொடங்கப்பட்ட சென்னையின் எஃப்.சி. இரண்டு முறை இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்றிருக்கிறது. இரண்டு இறுதியாட்டங்களின் கணக்கும் 3-2 தான். ஆனால் அந்த இரண்டு ஆட்டங்களையும் நினைவிலிருந்து மீட்டுப் பார்த்தால், ஒரே எண்ணிக்கை எவ்வளவு வேறுபட்ட இரண்டு உண்மைகளை மூடி வைத்திருக்கிறது என்று தெரியும்.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் தத்தளித்தபோது, அரையிறுதியில் நம் சொந்த மண்ணில் ஆட வேண்டிய ஆட்டத்தையே அணி புணேயில் போய் ஆட வேண்டியிருந்தது. அங்கே கொல்கத்தா அணியை 3-0 என்று வென்று, கொல்கத்தாவில் 1-2 என்று தோற்று, மொத்தக் கணக்கில் முன்னேறி, டிசம்பர் 20 அன்று ஃபதோர்டா அரங்கில் எஃப்.சி. கோவாவை அதன் சொந்த ரசிகர்களின் முன்னால் சந்தித்தது. முதல் கோல் 54ஆம் நிமிடத்தில் நம் பெலிசாரி அடித்தது. பெனால்டியைக் கோவாவின் கோல்கீப்பர் கட்டிமணி தடுத்துவிட, திரும்பி வந்த பந்தைப் பெலிசாரியே வலைக்குள் தள்ளினார். நான்கே நிமிடத்தில் கோவாவின் ஹாவோகிப் சமன் செய்தார். பிறகு நம் முன்கள ஆட்டக்காரர் மெண்டோசா அடித்த இன்னொரு பெனால்டியையும் கட்டிமணி தடுத்தார். 87ஆம் நிமிடத்தில் ஜோஃப்ரே அடித்த கோலால் கோவா முன்னிலை பெற்றபோது கோப்பை கைநழுவிவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். 90ஆம் நிமிடத்தில் அதே கட்டிமணியின் கையில் பட்டு பந்து அவருடைய வலைக்குள்ளேயே போனது. கூடுதல் நேரத்தின் இரண்டாம் நிமிடத்தில் மெண்டோசா வெற்றி கோலை அடித்தார். அன்று இந்த நகரத்துக்கு அது எத்தகைய ஆறுதல் என்பதை அந்த மாதத்தை இங்கே கழித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2018 மார்ச் 17 அன்று பெங்களூருவின் ஸ்ரீ கண்டீரவா அரங்கில் நடந்தது வேறு கதை. லீக் பட்டியலில் முதலிடம் பிடித்திருந்த பெங்களூரு அணி, ஒன்பதாம் நிமிடத்திலேயே சுனில் சேத்ரி தலையால் முட்டிய கோலால் முன்னே போனது. 17ஆம் நிமிடத்திலும் 45ஆம் நிமிடத்திலும் கிரெகரி நெல்சன் தூக்கிக் கொடுத்த கார்னர் பந்துகளை நம் தடுப்பாட்டக்காரர் மைல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டி இரண்டு கோல்கள் போட்டார். 67ஆம் நிமிடத்தில் ரஃபேல் அகஸ்டோ பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்து அடித்த பந்து மூன்றாவது கோலானது. பெங்களூருவின் மிக்கு இரண்டாவது கோலை அடித்தபோது கூடுதல் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அதாவது காகிதத்தில் மட்டுமே அது நூலிழை வெற்றி. களத்தில் நம் அணி என்ன செய்கிறோம் என்று தெரிந்தே செய்தது. கார்னர் பந்துகளைக் கோலாக்குவது பயிற்சியில் மெனக்கெட்டுப் பழகிய வேலை என்பது, அதே வழியில் இரண்டு முறை கோல் விழுந்ததிலேயே தெரிந்தது. மெண்டோசாவின் கோலையும் மைல்சனின் கோலையும் ஒரே மூச்சில் பாராட்டுகிறோம். பாராட்டலாம், ஆனால் ஒன்றில் அணி தோல்வியின் வாசலிலிருந்து திரும்பியது, மற்றொன்றில் அணி ஆட்டத்தைத் தன் பிடியில் வைத்திருந்தது என்ற வேறுபாட்டை ரசிகர் மறந்துவிடக் கூடாது.

இரண்டு கோப்பைகளுக்கும் அடுத்து வந்த பருவங்களைப் பாருங்கள். 2016இல் எட்டு அணிகளில் ஏழாம் இடம். 2018-19இல் பத்து அணிகளில் பத்தாம் இடம். இதற்கு ஒற்றைக் காரணம் சொல்வது நேர்மையாகாது. மெண்டோசா போன்றவர்கள் போனார்கள், காயங்கள் வந்தன, 2017-18 பருவத்தில் ஒன்பது கோல் அடித்த முன்கள ஆட்டக்காரர் ஜேஜேவின் கால்களிலிருந்து அடுத்த பருவத்தில் கோல்கள் அரிதாயின. ஆனாலும் கோப்பை கையில் இருந்த நாட்களில் நாம் அணியின் பலவீனங்களைப் பற்றிப் பேசினோமா என்று கேட்டால், பேசியவர்கள் மிகச் சிலர் என்றே சொல்வேன். முன்களம் ஒருவரையே பெரிதும் நம்பியிருந்ததும், இறுதியாட்டத்தில் மூன்றில் இரண்டு கோல்களை ஒரு தடுப்பாட்டக்காரர் போட வேண்டியிருந்ததும் எல்லாருக்கும் தெரிந்த செய்திகளே. அவற்றைக் கோப்பையின் அழகாகப் பார்த்தோமே தவிர, அடுத்த ஆண்டுக்கான எச்சரிக்கையாகப் பார்க்கவில்லை.

சரி, ஒரு கோல் முன்னிலையில் இருக்கும் அணி கடைசி இருபது நிமிடங்களில் ஏன் தடுமாறுகிறது? நேயர்களில் பலர் இதை “பயந்துட்டாங்க” என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுவீர்கள். பயம் உண்டுதான், ஆனால் அந்தப் பயம் களத்தில் எடுக்கும் வடிவத்தைக் கவனித்தால் பேச்சு இன்னும் கூர்மையாகும். முதலில் பின்வரிசைத் தடுப்பாட்டக்காரர்கள் நால்வரும் தங்களை அறியாமலே சில அடிகள் தங்கள் கோல் பக்கமாக நகர்கிறார்கள். தங்களுக்குப் பின்னால் எதிரணி ஓடிவிடக் கூடாது என்பதே அவர்கள் எண்ணம். நடுக்களத்தில் இருப்பவர்கள் அதே அளவுக்குப் பின்வாங்குவதில்லை என்பதால், இரண்டு வரிசைகளுக்கும் இடையில் ஒரு காலியிடம் திறந்துகொள்கிறது. எதிரணியின் நல்ல ஆட்டக்காரர் அந்த இடத்தில் நின்றுதான் பந்தை வாங்குகிறார், திரும்புகிறார், அடிக்கிறார். அதைப் பார்த்து நடுக்களமும் பின்வாங்கிவிட்டால், முன்னால் தனியாக விடப்பட்ட ஒரே ஆட்டக்காரர், தடுப்பாட்டத்திலிருந்து தூக்கி அடிக்கப்படும் பந்துகளைப் பிடித்து வைத்திருக்கத் துணையின்றித் தவிக்கிறார். தூக்கி அடித்த பந்து பத்து நொடியில் எதிரணியின் காலில் திரும்பி வருகிறது. அரங்கில் உட்கார்ந்திருக்கும் நமக்கு அந்த நேரத்தில் கடிகாரம் நின்றுவிட்டது போலத் தோன்றுவதன் காரணம் இதுதான். பந்து நம்மிடம் இல்லை.

சென்னையின் காற்றையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இரவு ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டத்திலும் நம் ஊர்ப் புழுக்கம் ஆட்டக்காரரின் சட்டையைப் பிழியும்படி நனைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு தரை கனத்திருந்தால் கால்கள் இன்னும் விரைவில் தளரும். எழுபதாம் நிமிடத்துக்குப் பிறகு ஓடிப் போய் அழுத்தம் கொடுக்க முடியாத நடுக்களம் பின்வாங்குவது இயல்பு. ஆகவேதான் மாற்று ஆட்டக்காரர்களைப் பற்றிய ரசிகரின் கேள்வி முக்கியமானது. ஒரு ஆட்டத்தில் ஐந்து பேரை மாற்றலாம் என்பது 2022இல் விதிகளில் நிரந்தரமாகிவிட்டது. அந்த வாய்ப்பிருந்தும் முன்கள ஆட்டக்காரரை எடுத்துவிட்டு இன்னொரு தடுப்பாட்டக்காரரை இறக்கும் பயிற்சியாளர், அணிக்குப் புதிய கால்களைக் கொடுக்கிறார் என்றாலும் பந்தைத் தாங்கிப் பிடிக்கும் ஆளை எடுத்துவிடுகிறார். அவர் செய்தது சரியா என்று கேட்பதற்கு ரசிகருக்கு முழு உரிமை உண்டு. வென்றுவிட்டோம் என்பது அந்தக் கேள்விக்குப் பதிலாகாது.

2017 டிசம்பர் 17 அன்று பெங்களூருவில் நடந்த லீக் ஆட்டத்தை இங்கே நினைவுபடுத்துகிறேன். ஐந்தாம் நிமிடத்தில் ஜேஜே கோல் அடித்தார். அதன்பின் ஏறத்தாழ எண்பது நிமிடங்கள் அந்த ஒற்றை கோலை வைத்துக்கொண்டே நம் அணி சமாளித்தது. 85ஆம் நிமிடத்தில் சேத்ரி சமன் செய்தார். அங்கே மனம் தளர்ந்திருந்தால் ஒரு புள்ளியோடு திரும்பியிருப்போம். ஆனால் 88ஆம் நிமிடத்தில் நம் வியாசர்பாடியின் தனபால் கணேஷ் கோல் அடித்தார், 2-1 என்று வென்றோம். அந்த ஆட்டத்தைப் பேசும்போது கணேஷின் கோலோடு நிறுத்திக்கொள்பவர்களே அதிகம். நானோ, 85ஆம் நிமிடத்தில் கோல் வாங்கியபின் மூன்றே நிமிடங்களில் மீண்டும் எதிரணிப் பெட்டிக்குள் ஆட்களை அனுப்பும் துணிவு இருந்ததையே அந்த வெற்றியின் பெருமையாகச் சொல்வேன். அந்தத் துணிவு முதல் கோலுக்குப் பிறகே இருந்திருந்தால் கடைசி ஐந்து நிமிட நெஞ்சிடி தேவைப்பட்டிருக்காது என்று சொல்லும் ரசிகரோடும் நான் உடன்படுகிறேன்.

இதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு, அதைத் தள்ளிவிட முடியாது. ஒரு கோலில் வெல்வதே ஒரு திறமை என்பதுதான் அது. 2010 உலகக் கோப்பையில் ஸ்பெயின், போர்ச்சுகல், பராகுவே, ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நான்கு அணிகளையும் நாக் அவுட் சுற்றில் 1-0 என்றே வென்று கோப்பையை எடுத்தது. 2004 யூரோ கோப்பையில் கிரீஸ், காலிறுதியில் பிரான்சையும், அரையிறுதியில் செக் குடியரசையும், இறுதியில் போர்ச்சுகலையும் அதே 1-0 கணக்கில்தான் வீழ்த்தியது. ஆசிய விளையாட்டில் கால்பந்துக்காக நம் நாடு பெற்ற முதல் தங்கமும் அப்படி வந்ததே. 1951இல் டெல்லியில் ஈரானுக்கு எதிராக மேவாலால் அடித்த ஒரே கோல்.

ஆனால் ஸ்பெயினும் கிரீஸும் ஒரே வழியில் வெல்லவில்லை என்பதை உற்றுப் பார்க்க வேண்டும். ஸ்பெயின் முன்னிலை பெற்றபின் பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. எதிரணிக்குப் பந்தே கிடைக்காதபோது அது எப்படிக் கோல் அடிக்கும்? கிரீஸ் பந்தை எதிரணிக்கு விட்டுக்கொடுத்தாலும் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. நான் மேலே சொன்ன அந்த இரண்டு வரிசைகளுக்கு இடையிலான காலியிடத்தை, பயிற்சியாளர் ஓட்டோ ரெஹாகலின் அணி திறக்கவே விடவில்லை. இரண்டுமே திட்டமிட்ட காவல். நம் அணி ஒரு கோலில் வென்ற இரவில் நாம் கேட்க வேண்டியது, இவற்றில் ஏதாவது ஒன்றை நாம் செய்தோமா, அல்லது கோல்கீப்பர் ஒருவரின் கைகளாலும் எதிரணி வீணாக்கிய வாய்ப்புகளாலும் பிழைத்தோமா என்பதுதான். நேரு அரங்கத்தில் கோல்கீப்பரை ஆட்டநாயகன் என்று அறிவிக்கும்போது எல்லாரோடும் சேர்ந்து நானும் எழுந்து கைதட்டுவேன். ஆனால் வென்ற அணியின் கோல்கீப்பர் அடிக்கடி ஆட்டநாயகனாகிறார் என்றால், அவருக்கு முன்னால் நின்ற பத்துப் பேரைப் பற்றி அது ஒரு செய்தி சொல்கிறது.

கோல்கீப்பர் நேரம் கடத்துவதை “அனுபவம்” என்று புகழும் பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. 2025 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, கோல்கீப்பர் பந்தை எட்டு நொடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் கிடைக்கும்; நடுவர் கடைசி ஐந்து நொடிகளைக் கை உயர்த்தி எண்ணிக் காட்டுவார். ஒரு கோல் முன்னிலையில், கூடுதல் நேரத்தில், எதிரணிக்கு நாமே ஒரு கார்னரைப் பரிசளிப்பது எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நேரம் கடத்தி வெல்லும் காலம் சுருங்கிக்கொண்டே வருகிறது, பந்தைக் காலில் வைத்து வெல்லத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

நடுவரைப் பற்றிய பேச்சை நான் நீட்டப் போவதில்லை. வென்ற ஆட்டத்திலும் நடுவரைத் திட்டியே இரவைக் கழிப்பவர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை.

வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்த இன்னொருவர் நந்தகுமார் சேகர். 2023 ஆகஸ்ட் 12 அன்று கொல்கத்தாவில் டூரண்ட் கோப்பை ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்காலுக்காக அவர் அடித்த ஒரே கோலில் மோகன் பகான் தோற்றது. பல ஆண்டுகளாக அந்த எதிரியிடம் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் கொண்டாடித் தீர்த்தார்கள். சென்னையில் நாமும் நம் பையன் என்று பெருமைப்பட்டோம், அது நியாயமான பெருமை. மூன்று வாரம் கழித்து, செப்டம்பர் 3 அன்று, அதே இரண்டு அணிகள் அதே கோப்பையின் இறுதியில் சந்தித்தன. நம் சென்னையின் அணியின் முன்னாள் தலைவரான அனிருத் தாபா இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி வெளியேற, பத்துப் பேரோடு ஆடிய மோகன் பகான் 1-0 என்று வென்றது. பெட்ராடோஸ் அடித்தது அந்த கோல். ஒரே மாத இடைவெளியில் ஒரே கணக்கு திசை மாறி நின்றது. முதல் ஆட்டத்தின் மகிழ்ச்சியில் ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் தம் அணியைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் அறியேன். ஆனால் ஒரு அணி ஆள் குறைந்து நிற்கும்போது அதைத் திறந்து கோல் அடிக்கும் வழி நம்மிடம் இருக்கிறதா என்ற கேள்வி, வென்ற ஆகஸ்ட் இரவிலேயே கேட்கத்தக்க கேள்விதான்.

பி ஸ்டாண்ட் ப்ளூஸ், சூப்பர் மச்சான்ஸ் ஆகிய இரண்டு ரசிகர் குழுக்களும் இந்த நகரத்தில் பாடலாலும் பறையாலும் அரங்கை எழுப்பியிருக்கின்றன. தொண்ணூறு நிமிடமும் அவர்கள் பாட வேண்டும், தவறிழைத்த ஆட்டக்காரரையும் அந்த நேரத்தில் தாங்க வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆட்டம் நடக்கும்போது ஆதரவும் முடிந்தபின் ஆராய்ச்சியும் என்ற இந்த வரிசை மாறினால் இரண்டுமே கெடும். இளம் ஆட்டக்காரர் ஒருவர் எண்பதாம் நிமிடத்தில் உள்ளே வந்து முதல் பந்தையே இழக்கும்போது அரங்கிலிருந்து எழும் முனகல் அவர் காதில் விழுகிறது. அடுத்த பந்தை அவர் முன்னே கொடுக்கத் துணியாமல் பின்னே கொடுக்கிறார், பின்வாங்குதல் அங்கிருந்தே தொடங்குகிறது. அதே இளைஞரைப் பற்றி ஆட்டம் முடிந்து ரயிலில் போகையில், அவர் எந்த இடத்தில் நின்று பந்தை வாங்கியிருக்க வேண்டும் என்று பேசினால், அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்கும் பள்ளிச் சிறுவனுக்கு அது ஒரு பாடம். வியாசர்பாடி ஜீவா நிலையத்தில் இறங்கிப் போகும் சிறுவர்களில் நாளைய கணேஷும் நந்தகுமாரும் இருப்பார்கள் என்பது வெறும் ஆசை வார்த்தையல்ல, ஏற்கெனவே நடந்திருப்பது.

எனவே அடுத்த முறை நம் அணி 1-0 என்று வெல்லும்போது, நண்பர்களோடு நடக்கையில் இதைப் பேசிப் பாருங்கள்: கோல் போட்ட பிறகு நம் பின்வரிசை எங்கே நின்றது, முன்னால் இருந்தவருக்குத் துணையாக யார் ஓடினார்கள், உள்ளே வந்த மாற்று ஆட்டக்காரர் பந்தை வைத்திருந்தாரா, தூக்கி அடித்தாரா, எதிரணி நம் பெட்டிக்குள் எத்தனை முறை தடையில்லாமல் வந்தது. இவற்றுக்குப் பதில் தேடும்போது உங்களுக்குள் கருத்து வேறுபடும், வேறுபடட்டும். “ஜெயிச்ச அன்னிக்குக்கூடவா?” என்று ஒருவர் கேட்டால், ஆம், இன்றைக்குத்தான் என்று சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.